இறக்கை விளக்கு அணைந்ததென்று அவர் சொன்ன மாலை

விமானத்தின் இடப்பக்க இறக்கை நுனியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். வலப்பக்கத்தில் பச்சை. இதை எனக்குச் சொன்னவர் என் கணவர். அவருக்கும் அதற்கு முன் அது தெரியாது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, யன்னலோர இருக்கையில் இருந்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார். "இஞ்ச பார், எங்கட லோஞ்சு மாதிரியே. இடது சிவப்பு. அப்ப மற்றப் பக்கம் பச்சையாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சின்னப்பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். அறுபது வயது கடந்த மனிதர் தன்னுடைய முதல் விமானப் பயணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கண்டுவிட்ட மாதிரி இருந்தது அது.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்சு ஓட்டியவர். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற இயந்திரப் படகு. எங்கள் பக்கத்தில் லோஞ்சு, வள்ளம் ஓட்டுகிறவரைத் தண்டயல் என்று சொல்வோம். லிங்கநகரில் எங்கள் வீட்டை இன்றைக்கும் 'தண்டயல் வீடு' என்றுதான் கேட்டு வருவார்கள். அவருக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒருமுறை பாதி வழியில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக, கப்பலில் பெரிய அதிகாரி காத்துக்கொண்டு நிற்கும்போதே லோஞ்சைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்து பல்ப் மாற்றிய பிறகுதான் போனாராம். விளக்கில்லாமல் ஓடுகிறவன் எதிரே வருகிறவனையும் சேர்த்துச் சாகடிப்பான் என்பார். அந்தப் பிடிவாதம்தான் பிற்பாடு அவர் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? அம்பாளுக்குத் தெரிந்திருக்கும்.

லோஞ்சு வேலைக்கு முன்னால், இளம் வயதில், துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கியிருக்கிறார். சுருட்டும் பிடித்தார். இரண்டும் சேர்ந்து அவருக்கு முட்டு வருத்தத்தை, மூச்சிழுப்பைக் கொடுத்தன. மாரி காலத்தில் இழுக்கும், கோடையில் தணியும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். சுவிஸில் இருக்கும் எங்கள் மகளுக்குக் கலியாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. நான் அம்மனுக்கு நேராத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. மருமகன் எங்கள் இரண்டு பேருக்கும் ரிக்கற் அனுப்பினார். அந்த நாளிலிருந்து இவருக்கு முட்டே இல்லாதது போல இருந்தது. கேட்டால், "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கிறன்" என்பார். கிளினிக் டொக்டரிடம் பிளேன் ஏறப் போகிற கதையையே எடுக்கவில்லை என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்ற பயம். பேத்தியைக் கையில் வாங்காமல் கண்ணை மூடிவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

நாங்கள் புறப்பட்டது பின்னேரம். விமானம் மேற்கே போகிறபடியால் பொழுது பட்டு முடியாமல் பட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் சூரியன் இறங்கினால் சட்டென்று இருட்டிவிடும். அங்கே மேலே அந்த மஞ்சள் மங்கல் முடியவே இல்லை. உள்ளேயும் விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். இவர் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார், எனக்கு வந்த இனிப்பையும் சாப்பிட்டார். பிறகு கதைக்கத் தொடங்கினார். வீட்டில் ஒரு சொல்லுக்கு மறு சொல் சொல்லாத மனிதர், தன் லோஞ்சில் ஏறின வெள்ளைக்காரர்களின் கதை, தொப்பி கடலில் விழுந்த கதை என்று சொல்லிச் சொல்லித் தானே சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயதான காலத்தில் கடவுள் இந்த மனிதருக்கு ஒரு விளையாட்டு மனதைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, மடியில் வைத்திருந்த திருநீறு மடித்த காகிதச் சரையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் யன்னலைப் பார்த்துவிட்டு, "லைற் நூந்து போச்சு" என்றார்.

"எந்த லைற்?"

"இறக்கை லைற். சிவப்பு. இப்ப இல்லை."

நான் அவர் மேலால் எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. தலைக்கு மேலே இருந்த பொத்தானை அமத்தி, வந்த பணிப்பெண்ணிடம், "பிள்ளை, பைலற்றுக்குச் சொல்லும். இடப்பக்க லைற் இல்லாமல் ஓடுறார். எதிர வாறவனுக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவு விளங்கவில்லை. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அங்கிள், அதெல்லாம் அவங்க பாத்துக்கொள்ளுவாங்க" என்று பின்னால் இருந்த ஒரு இளைஞன் சொன்னான். இவருக்குக் கோபம் வந்தது. "நீர் பேசாமல் இரும் தம்பி. எத்தினை வருசம் ஓட்டின எனக்குத் தெரியாதோ" என்றார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கத்தரித்த வெண்தாடி. சற்று முன்னர்தான் இருந்த இருப்பிலேயே முகம் தாழ்த்தித் தொழத் தொடங்கியிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவர் தொழுகையை அப்படியே விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். எழுந்து வந்து, எனக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இருக்கையில் அமர்ந்தார். முதலில் பணிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் குனிந்து வெளியே பார்த்து, விளக்கு எரிகிறது என்று கையால் காட்டினாள்.

"எந்த ஊர் அண்ணே?" என்று இவரிடம் கேட்டார்.

"திருகோணமலை. ஹாபரில லோஞ்சுத் தண்டயல்."

"அப்படியா? நான் மூதூர். அந்தக் காலத்தில லோஞ்சில ஏறித்தான் ரவுணுக்குப் படிக்க வருவன். அலை நேரம் எத்தினை தரம் சத்தி எடுத்திருப்பன் தெரியுமா?"

"அது மூதூர் லோஞ்சுக்காரன் ஓட்டின ஓட்டம். என்ர லோஞ்சில வந்திருந்தால் வடையும் திண்டுகொண்டு வந்திருப்பீர்."

சொல்லிவிட்டு இவர் சிரித்தார். சிரிப்பு முடிந்தும் மூச்சு முடியவில்லை, வாயைத் திறந்து திறந்து எடுத்தார். மூதூர்க்காரர் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. இவருடைய கையை எடுத்து, விரல் நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண் இருட்டுதா அண்ணே?"

"ஏன் இருட்டுது? இப்பதானே வயிறு முட்டச் சாப்பிட்டனான்."

எங்களுக்குக் கண் இருட்டுவது என்றால் பசி மயக்கம். விரதகாரருக்கு வருவது. அவர் கேட்டது அதையல்ல என்று எனக்கும் விளங்கவில்லை, இவருக்கும் விளங்கவில்லை. கேட்ட விதம் பிழைத்துவிட்டது என்பது அந்த மனிதருக்கு மட்டும் விளங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மாட நெத்தியப் பாத்துச் சொல்லுங்க. பொட்டு என்ன நிறம்?"

என் கணவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நன்றாகக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் கோபமாகக் கேட்டார்:

"பொட்டு வைக்காமலோ வெளிக்கிட்டனீ?"

அன்று விடியக் கோயிலில் ஐயர் தந்த குங்குமத்தை, விமான நிலையத்தில் முகம் கழுவிவிட்டு, கண்ணாடிக்கு முன் நின்று பெரிதாக வைத்துக்கொண்டு வந்தவள் நான். என் கை தானாக நெற்றிக்குப் போனது. விரலில் குங்குமம் ஒட்டியது. அதை நான் பார்த்தேன், அந்த மனிதர் பார்த்தார், இவர் பார்க்கவில்லை. கட்டின புருஷன் பக்கத்தில் இருந்துகொண்டு, உன் நெற்றியில் பொட்டு இல்லை என்று தன் வாயால் சொல்வதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கு ஏலும்?

அந்த மனிதர் எழுந்துவிட்டார். இதுவரை இருந்த சாந்தமெல்லாம் போய், கட்டளையிட்டுப் பழகின குரல் வந்தது. தான் வேலையிலிருந்து இளைப்பாறின விமானி என்றும், சரக்கு விமானங்கள் ஓட்டியவர் என்றும், இந்த ஆளுக்கு உடனே ஒட்சிசன் வேண்டும் என்றும் பணிப்பெண்ணிடம் சொன்னதை அவரே பிறகு எங்களுக்குச் சொன்னார். அவள் ஓடினாள். ஒரு சிறிய சிலிண்டரும் முகத்தில் வைக்கிற மூடியும் வந்தன. இவர் வேண்டாம் என்று கையால் தள்ளினார். "எனக்கு ஒண்டுமில்லை, அந்த லைற்றைப் பாருங்கோவன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மூதூர்க்காரர் தன் ஒரு கையால் இவருடைய பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மூடியைப் பொருத்திப் பிடித்தார். "லைற்றைப் பாக்கத்தான் இது. இழுங்க. ஆறுதலா இழுங்க" என்றார்.

கொஞ்ச நேரம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் கந்தசஷ்டிக் காலத்தில் சொல்கிற கவசத்தில் பாதியைச் சொல்லியிருப்பேன். இவர் கண்களை வெட்டி வெட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், முன்னால் இருக்கிறவர்களைப் பார்த்தார்.

"ஆர் லைற் எல்லாத்தையும் போட்டது?"

யாரும் எதையும் போடவில்லை. விமானம் அதே மங்கலில்தான் போய்க்கொண்டிருந்தது. இவர் யன்னலுக்குத் திரும்பினார். இறக்கை நுனியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூடிக்குள்ளால் சொன்னது தெளிவாகவே கேட்டது:

"ஆ, மாத்திப்போட்டாங்கள். நல்ல பல்ப்."

அந்த உயரத்தில், அந்த வேகத்தில், யார் இறக்கையில் நடந்து போய்ப் பல்ப் மாற்றுவது? மூதூர்க்காரர் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுதேன், எது எது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு இவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சற்று முன் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு மூடியைத் தள்ளவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அந்த மனிதர் சொன்னதில் எனக்கு விளங்கினதைத்தான் எழுதுகிறேன். விமானத்துக்குள் காற்றை அடைத்து வைத்திருந்தாலும் அது எங்கள் கடற்கரைக் காற்று அல்லவாம். நுவரெலியாவுக்கும் மேலே மலை உச்சியில் நின்று மூச்சு விடுகிற மாதிரியாம். சுகதேகிக்கு அது ஒன்றும் செய்யாது. நெஞ்சு பழுதான மனிதருக்கு, அதுவும் பிறந்ததிலிருந்து கடல்மட்டத்திலேயே வாழ்ந்தவருக்கு, அதற்கும் மேலே ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிடும். "உடம்பில மூச்சுக்காத்துக்கு ஆகப் பெரிய பசி கண்ணுக்குத்தான் அம்மா. குறைஞ்சா முதல்ல காட்டுறதும் அதுதான். பொழுதுபட்ட நேரம் இன்னும் கெதியாக் காட்டும். அதாலதான் இரவில பறக்கிற பைலற்மார் மற்றவங்களுக்கு முந்தி ஒட்சிசன் போடுவம்" என்றார்.

அவர் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு இரும்பு அறைக்குள் இருத்தி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுப்பார்களாம். கையில் நிறம் நிறமாகத் தாள்கள் கொடுத்திருப்பார்களாம். "நான் என்ன செஞ்சன் தெரியுமா? வாத்தியாரோட சண்டைக்குப் போயிட்டன். எனக்கு மட்டும் வெயில்ல காஞ்ச பழைய தாளத் தந்திருக்கீங்க எண்டு. பக்கத்தில ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. மூடியப் போட்டாங்க. அறைக்குள்ள ஆரோ எல்லாக் கதவையும் துறந்துவிட்ட மாதிரி. அதே தாள். அப்படி ஒரு சிவப்பு, அப்படி ஒரு பச்சை." அதுதான் இதில் கெட்ட விஷயம் என்றார். நோவாது, பயம் வராது, மனம் லேசாகிச் சிரிப்புத்தான் வரும். கண் மங்குவது கண்ணுக்கே தெரியாது. அண்ணன் விளக்கைக் குற்றம் சொன்னபடியால்தான் தனக்குச் சந்தேகம் வந்தது, பேசாமல் இருந்திருந்தால் நித்திரை என்று எல்லாரும் விட்டிருப்போம் என்றார்.

நான் சந்தோஷப்பட்ட அந்தச் சிரிப்பும் கதையும் எதனால் வந்தன என்று அப்போது விளங்கியது.

"என்னால உங்கட தொழுகை குழம்பிப் போச்சே" என்று அவரிடம் சொன்னேன். வேறு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

"அதுக்கென்ன அம்மா, பயணத்தில ரெண்டு தொழுகையச் சேத்துத் தொழலாம். மூச்சைச் சேத்து விட ஏலாதே" என்றார்.

விமானம் மாறுகிற ஊரில் இறங்கியதும் சக்கர நாற்காலி வந்தது. மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். மூதூர்க்காரரைக் கூட்டிப்போக அவருடைய மகன் வெளியே காத்து நின்றாராம். போனில் ஏதோ சொல்லிவிட்டு அவர் எங்களோடு வந்தார். எங்கள் இருவருக்கும் அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. டொக்டர் கேட்பதை அவர் தமிழில் கேட்டார். இவர் பழையபடி தொடங்கினார்: "சும்மா தடிமன், சளி எண்டு சொல்லுங்கோ. ரெண்டு நாளாத்தான்." இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இவ்வளவு தூரம் வந்து பிள்ளையைப் பார்க்காமல் திரும்புவதா என்று என் மனமும் கிடந்து துடித்தது. நானும் வாய் திறக்கவில்லை.

மூதூர்க்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் குந்தி இருந்துகொண்டு கேட்டார். "தண்டயல் அண்ணே, விளக்கில்லாம ஒருத்தன் லோஞ்ச எடுத்துக்கொண்டு ஹாபருக்குள்ள வாறான். கேட்டா எல்லாம் சரி எண்டு பொய் சொல்றான். விடுவீங்களா?"

"விடமாட்டன்."

"அப்ப டொக்டருக்குச் சொல்லுங்க."

இவர் டொக்டரின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, மற்றவர் ஆங்கிலத்தில் சொல்ல, நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். முற்றத்துக் குழாயடிக்குப் போய் வர நடுவில் நின்று மூச்செடுக்க வேண்டியிருப்பதை. காற்று வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்க் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே நித்திரை கொள்வதை. சந்தையிலிருந்து பை தூக்கி வரும்போது, தெரிந்தவர்களைக் கண்ட சாட்டில் நின்று நின்று கதை கொடுத்தது மூச்சுக்காக என்பதை. ஒரே வீட்டில் இருந்தவள் நான்.

உண்மை சொன்னதற்குத் தண்டனை எதுவும் வரவில்லை. அன்று ஏற விடவில்லை, அவ்வளவுதான். ஓர் இரவு அங்கே ஒட்சிசனோடு வைத்திருந்து, மறுநாள் விமானத்தில் அவருக்கென்று தனியாகச் சிலிண்டர் ஒழுங்கு செய்து அனுப்பினார்கள். எல்லாம் ஒழுங்காகும் வரை அந்த மனிதர் நின்றார். எங்கள் மகளுக்குத் தன் போனிலிருந்து எடுத்து, பதறாமல் கதைக்கச் சொல்லித் தந்தார். பிறகு, "அப்ப நான் வாறன். பேத்திக்கு என்ட துஆவும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அந்தப் பதற்றத்தில் நாங்கள் அவர் பெயரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மகள் அந்த இலக்கத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தாள், வேலை செய்யவில்லை.

பேத்தியை இவர் கையில் வாங்கினார். மூக்கில் குழாயோடுதான். அந்தக் குழாயைப் பிள்ளை பிடித்து இழுத்த படம் எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் ஒட்சிசனோடுதான். இப்போது வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது, மின்சாரத்தில் ஓடுகிறது. கரண்ட் போனால் பாவிக்க ஒரு சிலிண்டரும் இருக்கிறது. இவர் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார், கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்கிறார். சுருட்டு எப்போதோ போய்விட்டது. மூதூர் லோஞ்சால் வருகிற மீன்காரர், கடைக்காரர் என்று கண்டவர்களிடமெல்லாம் நான் கேட்டுவிட்டேன். விமானம் ஓட்டினவரா, எங்கட மூதூரிலயா என்று அவர்கள்தான் என்னிடம் திருப்பிக் கேட்கிறார்கள்.

நாங்கள் ஊர் திரும்பின மாதத்திலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மன் கோயிலில் அவருக்கு ஓர் அர்ச்சனை செய்விக்கிறேன். அவர் வேறு சமயத்தவர், இதை அறிந்தால் என்ன நினைப்பாரோ தெரியாது. நான் அறிந்த வாசல் இது ஒன்றுதான். போன பௌர்ணமிக்கு ஐயர் புதியவர். தட்டை வாங்கிக்கொண்டு, "ஆருக்கு அம்மா, பேர் சொல்லுங்கோ" என்றார்.

"பேர் தெரியாது ஐயா. மூதூர் ஆள். கப்டன்."

"பேர் தெரியாட்டில் சுவாமி பேருக்குச் செய்வம். நட்சத்திரமாவது தெரியுமோ?"

இவர் நடக்க ஏலாமல் பின்னால் தூணடியில் இருந்தவர், அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"நட்சத்திரத்துக்குப் பக்கத்தால போய் வந்த மனுசன் ஐயா..."

அதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. ஐயர் கற்பூரத்தைப் பற்ற வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மணி அடிக்க நின்றவரும் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படவில்லை. இவர் தூணில் சாய்ந்து ஒரு மூச்சு எடுத்தார், இன்னொன்று எடுத்தார். நான் அந்தப் பகிடியின் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"...எது எண்டு அவரைத்தான் கேக்கவேணும்" என்று சொல்லி முடித்தார்.